பூஜ்ய பைட் பேக்கப்: இரண்டு கார்டு சர்வரில் என்ன நடக்கிறது?

கேள்வி: எங்கள் மேலாண்மை சர்வர் லினக்ஸில் ஓடுகிறது. இரண்டு நெட்வொர்க் கார்டுகள். ஈத்0 அலுவலக நெட்வொர்க்கில் 192.168.50.7, டீஃபால்ட் கேட்வே (தனி வழி குறிக்காத பாக்கெட்டுகள் வெளியேறும் வாசல்) அந்தப் பக்கம்தான். ஈத்1 மேலாண்மை நெட்வொர்க்கில் 10.10.0.5. இரவில் ஒரு ஸ்கிரிப்ட் ஒவ்வொரு சுவிட்சிலும் எஸ்எஸ்எச் (தொலை லாகின்) வழியாக நுழைந்து, கான்ஃபிக்கை (சுவிட்சின் அமைப்புகள் உள்ள ஃபைலை) டிஎஃப்டிபி என்ற எளிய ஃபைல் அனுப்பும் முறை மூலம் 10.10.0.5-க்கு அனுப்பச் சொல்கிறது. 10.10.0 வரிசை சுவிட்சுகளுக்குப் பிரச்சினையே இல்லை. 10.30 வரிசையில் இருப்பவை மட்டும் 'டைம்டு அவுட்' என்கின்றன. சர்வரில் பூஜ்ய பைட் ஃபைல் கிடக்கிறது. பிங் போகிறது, எஸ்எஸ்எச் போகிறது. சர்வரின் ஃபயர்வாலை நிறுத்தியும் பார்த்துவிட்டோம். என்ன செய்வது?

பதில்: அந்தப் பூஜ்ய பைட் ஃபைலை அழித்துவிடாதீர்கள், துப்பு அதில்தான் இருக்கிறது. டிஎஃப்டிபியில் சுவிட்ச் முதலில் 'இந்தப் பெயரில் எழுதப் போகிறேன்' என்று யூடிபி (இணைப்பு ஏற்படுத்தாமலே பாக்கெட் அனுப்பும் முறை) 69-ஆம் போர்ட்டுக்கு ஒரு பாக்கெட் அனுப்பும். சர்வர் ஃபைலைத் திறந்துவைத்துவிட்டு 'சரி, அனுப்பு' என்று ஒப்புகை தரும். அது கைக்கு வந்த பிறகுதான் சுவிட்ச் 512 பைட் துண்டுகளாக கான்ஃபிக்கை அனுப்பத் தொடங்கும். உங்கள் சர்வரில் ஃபைல் உருவாகிவிட்டது. அப்படியென்றால் கோரிக்கை வந்து சேர்ந்திருக்கிறது, பெர்மிஷனும் சரி. ஒப்புகை மட்டும் சுவிட்சுக்குப் போய்ச் சேரவில்லை, அல்லது சேர்ந்தும் சுவிட்ச் அதை ஏற்கவில்லை.

ஏன் என்று பார்க்க, சர்வரில் 'ஐபி ரூட் கெட் 10.30.4.2' என்று அடியுங்கள் (உங்கள் சுவிட்ச் ஒன்றின் முகவரியைப் போட்டு). ஈத்0 வழி, மூல முகவரி 192.168.50.7 என்றுதான் வரும். சுவிட்ச் கேட்டது 10.10.0.5-இடம், பதில் வருவதோ 192.168.50.7-இலிருந்து. முன்பின் தெரியாத முகவரியிலிருந்து வந்த பாக்கெட் என்று சுவிட்ச் அதைத் தூக்கிப் போட்டுவிடுகிறது. எந்த முகவரிக்குக் கோரிக்கை வந்ததோ அதிலிருந்தே யூடிபி பதில் போக வேண்டும் என்று 1989-இல் வந்த ஆர்எஃப்சி 1123 என்ற இணையத் தர ஆவணம் சொல்கிறது. ஆனால் எல்லா முகவரிகளிலும் பொதுவாகக் காதுகொடுத்துக் கேட்கும் டீமன்கள் (பின்னணியில் ஓடும் சர்வர் புரோகிராம்கள்) சில, மூல முகவரியைத் தேர்ந்தெடுக்கும் வேலையை லினக்ஸின் மையமான கர்னலிடமே விட்டுவிடுகின்றன. 10.10.0 வரிசை தப்பித்ததற்குக் காரணம், அது ஈத்1-இல் நேரடியாக இருப்பதால் பதிலும் அதே வழியில் போவதுதான். பிங்கும் எஸ்எஸ்எச்சும் சர்வரே தொடங்கி வைப்பவை. அவை முழுக்க அலுவலகப் பக்கமாகவே போய்த் திரும்புகின்றன, அதனால் அவை வேலை செய்வதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

இதைக் கண்ணால் பார்த்துவிட்டு கை வைப்பது நல்லது. வந்து போகும் பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்பை 'எனி' (எல்லா கார்டுகளும்) இன்டர்ஃபேஸில் ஓட விடுங்கள். 69-ஆம் போர்ட் என்று வடிகட்டாதீர்கள். பலர் சறுக்கும் இடம் இது. முதல் பாக்கெட் மட்டும்தான் 69-க்கு வரும், சர்வரின் பதில் வேறொரு தற்காலிகப் போர்ட்டிலிருந்து கிளம்பும். சுவிட்சின் முகவரியை வைத்து வடிகட்டுங்கள். ஒன்றுமே அகப்படாவிட்டால் வடிகட்டாமல் பாருங்கள்: சுவிட்ச் நீங்கள் எஸ்எஸ்எச் செய்யும் முகவரியை விட்டுவிட்டு வேறு இன்டர்ஃபேஸ் முகவரியிலிருந்து அனுப்பிக்கொண்டிருக்கலாம். சிஸ்கோ ஐஓஎஸ்ஸில் 'ஐபி டிஎஃப்டிபி சோர்ஸ்-இன்டர்ஃபேஸ்' கட்டளை அதை நிலைப்படுத்தும்.

இதே கோளாறு இன்னொரு சர்வரில் வேறு முகத்தோடு வரும். டிசிபிடம்பில் கோரிக்கை தெரியும், ஆனால் ஃபைலே உருவாகாது, டீமன் லாகும் காலியாக இருக்கும். அங்கே 'ஆர்பி ஃபில்டர்' என்ற கர்னல் அமைப்பு 1 என்று இருக்கிறதா பாருங்கள். பதில் ஈத்0 வழியாகப் போக வேண்டிய முகவரியிலிருந்து ஈத்1-க்கு வரும் பாக்கெட்டை, டீமனுக்குக் காட்டாமலே கர்னல் தள்ளிவிடும். உங்களுக்கு ஃபைல் உருவாவதால் அது 2 (தளர்வான சோதனை) அல்லது 0-ஆக (சோதனையே இல்லை) இருக்கும். இதைத் தளர்த்துவதை நான் தீர்வாகச் சொல்ல மாட்டேன். ரூட் சரியானால் ஃபில்டரும் தானே வழிவிடும்.

உங்களுக்குத் தேவையானது ஒரே ஒரு ஸ்டாட்டிக் ரூட் (நாமே எழுதி வைக்கும் வழி): 10.30.0.0/16 போக 10.10.0.1 வழி, ஈத்1. மேலாண்மைப் பக்க கேட்வேயின் உண்மையான முகவரியைப் போட்டுக்கொள்ளுங்கள். ஈத்1-க்கும் ஒரு டீஃபால்ட் கேட்வே கொடுத்துவிடலாமே என்று தோன்றும், தயவுசெய்து வேண்டாம். இரண்டு டீஃபால்ட் இருந்தால் மெட்ரிக் (முன்னுரிமை எண்) குறைந்ததுதான் ஓடும், மற்றது சும்மா கிடக்கும்.

ரூட்டைச் சேர்க்கும் முன் ஒரு விஷயம். இனி எஸ்எஸ்எச்சும் 10.10.0.5-இலிருந்துதான் கிளம்பும். சுவிட்சுகளின் விடிஒய் ஆக்சஸ் லிஸ்ட்டில் (யார் தொலைவிலிருந்து லாகின் செய்யலாம் என்ற பட்டியலில்) 192.168.50.7 மட்டும் இருந்தால், டிஎஃப்டிபி சரியான அதே நொடியில் லாகின் அறுந்துவிடும். எனக்கு ஒருமுறை அப்படி ஆகி, ரூட்டைக் கழற்றி, அறுபது சுவிட்சுகளில் லிஸ்ட்டைத் திருத்தி, மறுபடி மாட்ட ஒரு நாள் பிடித்தது. லிஸ்ட்டில் புது முகவரியை முதலில் சேர்த்துவிடுங்கள். அப்புறம், கட்டளையில் சேர்த்த ரூட் ரீபூட்டில் போய்விடும். நெட்பிளானோ நெட்வொர்க் மேனேஜரோ, எது உங்கள் சர்வரில் இருக்கிறதோ அதில் எழுதி வையுங்கள்.

10.30 பக்கத்திலிருந்து யாராவது சர்வரின் 192.168.50.7 முகவரிக்கு வந்து வேலை பார்க்கிறார்கள் என்றால் அவர்களுக்கான பதில் இப்போது ஈத்1 வழியாகத் திரும்பும், நடுவில் உள்ள ஃபயர்வால் வெட்டலாம். அப்படிப்பட்ட இடத்தில் ஸ்டாட்டிக் ரூட்டுக்குப் பதிலாக 'ஐபி ரூல்' போடுங்கள்: மூலம் 10.10.0.5 என்றால் தனி ரூட்டிங் டேபிள், அதில் 10.10.0.1 டீஃபால்ட். கூடவே டீமனை 10.10.0.5-உடன் பைண்ட் செய்யுங்கள், அதாவது அந்த முகவரியில் மட்டும் கேட்கும்படி கட்டிவிடுங்கள். பைண்ட் செய்யாவிட்டால் ரூட் தேடும்போது மூல முகவரி இன்னும் முடிவாகியிருக்காது, ரூல் பொருந்தாது. பைண்ட் மட்டும் செய்துவிட்டு ரூலை விட்டாலோ, பதில் சரியான முகவரியோடு தவறான கார்டில் வெளியேறும்.

டிஎஃப்டிபியில் கடவுச்சொல்லும் இல்லை, குறியாக்கமும் இல்லை. எஸ்எஸ்எச் ஏற்கனவே போவதால், ஆக்சிடைஸ்டு போன்ற கருவியை வைத்து சர்வரே லாகின் செய்து கான்ஃபிக்கைப் படித்துக்கொள்ளும் முறைக்கு மெல்ல மாறுங்கள். அது டிசிபி (முதலில் இணைப்பை ஏற்படுத்திக்கொள்ளும் முறை), பதில் வேறு முகவரியிலிருந்து கிளம்பும் வம்பு அதில் இல்லை.

ரூட் போட்ட முதல் இரவுக்குப் பிறகு, ஃபைல் இருக்கிறதா என்பதோடு நிறுத்தாமல் நான்கைந்தைத் திறந்து கடைசி வரியைப் பாருங்கள். ஐஓஎஸ் கான்ஃபிக் என்றால் அது 'எண்ட்' என்று முடிய வேண்டும். ஸ்கிரிப்ட்டிலேயே அந்தச் சோதனையைச் சேர்த்து, இல்லாவிட்டால் பேக்கப் தோல்வி என்று மெயில் வரும்படி செய்துவிடுங்கள்.