புது டிரைவரா, பழைய டிரைவருக்கு ஒரு திருகா?

கோல்ஃப் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் டிரைவரை, அதாவது முதல் அடிக்கு எடுக்கும் நீள மட்டையைப் பற்றியவை. ஜனவரி பிறந்தால் பெரிய நிறுவனங்கள் புது மாடல்களை இறக்கும், கடை வாசலில் ‘ஃபிட்டிங்’ (ஆளுக்கேற்ற மட்டையை அளந்து தருவது) பலகை தொங்கும். முதல் கடிதக்காரர் எண்களைக் குறித்து அனுப்பியிருப்பதால் அவருக்கு நீளமாகவே பதில்.

கேள்வி: வயது 58. வாரம் ஒரு ஆட்டம். என் டிரைவர் 2015இல் வாங்கியது: லோஃப்ட் (மட்டை முகத்தின் சாய்வு) 9 டிகிரி, ஸ்டிஃப் (விறைப்பான) ஷாஃப்ட் (தண்டு), நீளம் 45.75 அங்குலம், லோஃப்டைத் திருகி மாற்றும் ஸ்லீவ் (கழுத்து மூட்டு) உண்டு (இதுவரை தொட்டதில்லை). கடையில் அளந்தபோது என் ஸ்விங் வேகம் மணிக்கு 88 மைல். பழைய டிரைவரில் பந்து வேகம் 124 மைல், ஏவுகோணம் 10 டிகிரி, சுழற்சி நிமிடத்துக்கு 3,400, கேரி (பந்து தரையைத் தொடும் வரை பறக்கும் தூரம்) 185 கஜம். எனக்கென்று பொருத்திக் கொடுத்த 11 டிகிரி, ரெகுலர் (நெகிழ்வு கூடிய) ஷாஃப்ட், 45 அங்குலப் புது டிரைவரில் அதே வரிசையில் 128, 14, 2,600, 203. விலை 2,900 வெள்ளி (ரிங்கிட்). 18 கஜம் கூடுகிறதே, வாங்கிவிடலாமா?
— வாசகர், செராஸ்

பதில்: 18 கஜம் பொய்யாக இருக்க வேண்டியதில்லை. உங்கள் வேகத்துக்கு 10 டிகிரி ஏவுகோணமும் 3,400 சுழற்சியும் மிகவும் தப்பான சேர்க்கை. பந்து தாழ்வாகக் கிளம்பி, நடுவில் எழும்பி, வேகத்தைத் தொலைத்துவிட்டு விழும். ஆனால் அந்த 18 கஜத்தைப் பிரித்துப் பார்த்த பிறகு பணப்பையைத் திறங்கள்.

பந்து வேகம் ஒரு மைல் கூடினால் கேரி ஏறக்குறைய 2 கஜம் கூடும். உங்களுக்கு 4 மைல் கூடியிருக்கிறது, ஆகவே சுமார் 8 கஜம் அதிலிருந்து வந்தது. மீதி 10 கஜம் பந்து உயரமாகக் கிளம்பிக் குறைவாகச் சுழன்றதால் வந்தது. அதில் பெரும் பங்கு, 9 டிகிரி டிரைவரை வைத்திருந்தவருக்கு 11 டிகிரி கொடுத்ததால் கிடைத்தது. அந்த லோஃப்ட் உங்கள் பழைய டிரைவரின் கழுத்திலேயே இருக்கிறது. பெரும்பாலான ஸ்லீவ்கள் ஒன்றரை முதல் 2 டிகிரி வரை ஏற்றித் தரும். திருகிப் பார்க்கச் செலவு கிடையாது.

லோஃப்ட் ஏறினால் சுழற்சியும் ஏறுமே என்று கேட்பீர்கள். கொஞ்சம் ஏறத்தான் செய்யும். ஆனால் 88 மைல் வேகத்தில் 3,400 சுழல்வதற்கு லோஃப்ட் மட்டும் காரணமாக இருக்காது. பந்து, மட்டை முகத்தின் அடிப்பகுதியில் பட்டிருக்கலாம், அல்லது மட்டை மேலிருந்து கீழாகப் பந்தை வெட்டியிருக்கலாம். 9 டிகிரி டிரைவர் வைத்திருப்பவர்கள் பந்து தாழ்வாகப் போகிறதே என்று உடம்பைப் பின்னால் சாய்த்துத் தூக்க முயல்வார்கள். அப்போது அடி படும் இடம் அங்குமிங்கும் ஓடும்.

அதைக் கண்டுபிடிக்க ஒரு ஒயிட்போர்டு மார்க்கர் போதும். பந்தின் பின்பக்கம், மட்டை படப்போகும் இடத்தில், ஐந்து காசு அளவுக்கு அடர்த்தியாக ஒரு பொட்டு வையுங்கள். அந்தப் பக்கம் மட்டையைப் பார்க்கும்படி டீயில் (பந்தைத் தாங்கும் சிறு முளை) ஏற்றி அடியுங்கள். முகத்தில் மைத்தடம் விழும். அதைப் பார்த்துவிட்டுத் துணியால் துடையுங்கள், அடுத்த பந்து. பத்துப் பந்துகளுக்குப் பிறகு ஒரு தாளில் முகத்தை வரைந்து பத்துப் புள்ளிகளையும் இடுங்கள். நடுவுக்குக் கீழே குவிந்தால் டீயை உயர்த்துங்கள். மட்டையைத் தரையில் வைக்கும்போது பந்தின் பாதி, மட்டைத் தலையின் மேல்விளிம்புக்கு மேலே தெரிய வேண்டும். பயிற்சித் திடலான ரேஞ்சுகளில் ரப்பர் டீ ஒரே உயரத்தில் நிற்பதால் பலர் வருடக்கணக்கில் தப்பான உயரத்தில் பழகிவிடுகிறார்கள். புள்ளிகள் கழுத்துப் பக்கமும் நுனிப் பக்கமுமாகச் சிதறினால், மட்டை உங்களுக்கு நீளம்.

பந்து வேகத்தில் கிடைத்த 4 மைலுக்கும் இங்கேதான் காரணம் இருக்கக்கூடும். டிரைவர் முகம் பந்தை எவ்வளவு துள்ளவைக்கலாம் என்பதற்குக் கோல்ஃப் விதிகளில் வரம்பு உண்டு. 2008 ஜனவரி முதல் எல்லா நிலை ஆட்டங்களுக்கும் அது பொருந்தும். ஆகவே 2015 டிரைவரின் நடுமுகமும் இன்றைய டிரைவரின் நடுமுகமும் ஏறக்குறைய ஒரே துள்ளல்தான். புதியவற்றில் முன்னேறியிருப்பது நடுவைத் தவறவிட்ட அடி. தலை முறுக்கிக்கொள்ளாமல் தாங்கும் குணம் கூடியிருக்கிறது. 2024இல் பிங், டெய்லர்மேடு என்ற நிறுவனங்கள் ‘10கே’ என்று விளம்பரம் செய்தது இதைத்தான். அந்தப் பத்தாயிரம், இரண்டு அச்சுகளின் கணக்கையும் கூட்டி வந்த எண். ஒரு அச்சுக்கு விதி தரும் உச்சம் 5,900, அளவைப் பிழைக்கு இன்னொரு 100. விளம்பரம் இந்தக் கூட்டலைப் பெரிதாகச் சொல்லாது.

கடைக்காரர் உங்களுக்கு 45 அங்குலம் கொடுத்தது நல்ல முடிவு. 45.75 அங்குலத்திலிருந்து முக்கால் அங்குலம் இறங்கியதுமே அடி நடுவை நெருங்கியிருக்கும். அதையும் பழைய டிரைவரில் சும்மாவே சோதிக்கலாம்: கிரிப்பை (கைப்பிடியை) ஒரு அங்குலம் கீழே தள்ளிப் பிடித்து ஆடுங்கள். அவசரப்பட்டு வெட்டிவிடாதீர்கள். ஒரு அங்குலம் வெட்டினால் ஸ்விங் வெயிட் (வீசும்போது கைக்குத் தெரியும் மட்டைத் தலையின் கனம்) சுமார் 6 புள்ளி இறங்கும், தலை எங்கே இருக்கிறது என்றே கை உணராது. அதை ஈடுகட்டத் தலையில் சுமார் 12 கிராம் ஏற்ற வேண்டும், அதாவது ஒரு புள்ளிக்கு 2 கிராம். ஈயப் பட்டை ஒட்டலாம், அல்லது கனமான எடைத் திருகு போடலாம்.

ஆக, செய்ய வேண்டியது: ஸ்லீவை ஒன்றரை டிகிரி ஏற்றுங்கள், கீழே தள்ளிப் பிடியுங்கள், டீயைச் சரிசெய்யுங்கள், நாலு ஆட்டம் ஆடுங்கள். பிறகு அதே கடைக்குப் போங்கள். இந்த முறை ஒப்பீட்டை நீங்கள் நடத்துங்கள். நீங்கள் ஆடும் அதே பந்தை எடுத்துப் போங்கள். ரேஞ்ச் பந்தின் எண்கள் வேறாக வரும். 15 பந்து அடித்து உடம்பைச் சூடாக்கிக்கொண்டு, பழையதில் ஐந்து, புதியதில் ஐந்து, மறுபடி பழையதில் ஐந்து, புதியதில் ஐந்து என்று மாற்றி மாற்றி அடியுங்கள். பழையதைக் கைசூடாகாத முதல் ஐந்து பந்தில் அளந்துவிட்டு, புதியதை நாற்பது பந்து அடித்துப் பார்த்தால் எந்த மட்டையும் ஜெயிக்கும். சில இடங்களில் திரையில் காட்டுவது மிகச்சிறந்த மூன்று அடிகளின் சராசரி. பத்தையும் சேர்த்துச் சராசரி கேளுங்கள். அதோடு இடம்–வலம் எத்தனை கஜம் சிதறியது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அறுபது பந்துக்கு மேல் போனால் களைப்பில் ஸ்விங்கே மாறிவிடும், அன்று எந்த முடிவும் எடுக்காதீர்கள்.

அப்படி அளந்த பிறகும் சராசரிக் கேரி 8, 10 கஜம் கூடுதலாக நின்றால், அல்லது தூரம் அதேயாக இருந்து சிதறல் மூன்றில் ஒரு பங்கு சுருங்கினால், 2,900 வெள்ளிக்குத் தயங்காதீர்கள். நம் ஊரில் கேரிதான் காசு. மழையில் ஊறிய கௌகிராஸ் (அகல இலைப் புல்) ஃபேர்வேயில் (ஆடுபாதையில்) பந்து உருளாது, விழுந்த இடத்திலேயே உட்கார்ந்துவிடும். வித்தியாசம் 4 கஜத்துக்குள் வந்தால், உங்களுக்குத் தேவைப்படுவது ரெகுலர் ஷாஃப்ட் மட்டுமாக இருக்கலாம். பழைய தலைக்குப் பொருந்தும் ஸ்லீவோடு ஒன்று விலை கேளுங்கள். ஒரு நிறுவனத்தின் ஸ்லீவ் இன்னொன்றில் ஏறாது. ‘ஸ்டிஃப்’, ‘ரெகுலர்’ என்பதற்குப் பொது அளவுகோல் ஏதும் கிடையாது, ஒருவரின் ரெகுலர் இன்னொருவரின் ஸ்டிஃப். எழுத்தை நம்பாமல் அடித்துப் பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: புக்கிட் ஜம்புல் மைதானத்தில் ஆடுகிறேன். டிரைவர் அடித்தால் பந்து 30 கஜம் வலப்பக்கம் வளைந்து சரிவில் இறங்கிவிடுகிறது. ‘டிரா’ (வலக்கைக்காரரின் பந்தை இடப்பக்கம் திருப்ப உதவும்) மாடல் வாங்கினால் நேராகுமா?
— வாசகர், பாயான் லெப்பாஸ்

பதில்: 30 கஜம் முழுதும் நேராகாது. பந்து எந்தத் திசையில் கிளம்புகிறது என்பதைப் பெரும்பாலும் முகம் தீர்மானிக்கிறது. எவ்வளவு வளைகிறது என்பது, மட்டை போகும் பாதைக்கும் முகம் பார்க்கும் திசைக்கும் உள்ள இடைவெளியைப் பொறுத்தது. டிரா மாடலில் எடை கழுத்துப் பக்கம் இருக்கும், முகம் சற்று மூடி நிற்கும். அதனால் வளைவில் பத்துப் பதினைந்து கஜம் குறைந்தால் அதுவே நல்ல பலன். மீதி உங்கள் பாதையில் இருக்கிறது.

முதலில் மேலே சொன்ன மார்க்கர் சோதனையைச் செய்யுங்கள். மைத்தடம் கழுத்துப் பக்கம் குவிந்தால் விஷயமே வேறு. அங்கே படும்போது தலை பின்வாங்கி முறுக்கிக்கொள்ளும், பல்சக்கரம் போலப் பந்தை எதிர்த்திசையில் சுழற்றிவிடும். வலக்கைக்காரருக்கு அது வலப்பக்க வளைவைக் கூட்டும். அப்படியானால் நீங்கள் பந்துக்கு மிக அருகில் நிற்கிறீர்கள், அல்லது இறங்கும்போது உடம்பு முன்னால் தள்ளுகிறது. பாதத்தை ஒரு அங்குலம் பின்னால் எடுத்து வைத்துப் பாருங்கள். நுனிப் பக்கம் பட்டால் இதே காரணத்தால் பந்து இடப்பக்கம் திரும்பும்.

உங்கள் டிரைவரில் ஸ்லீவ் இருந்தால் லோஃப்டை ஒரு டிகிரி ஏற்றுங்கள். பெரும்பாலானவற்றில் லோஃப்ட் ஏறும்போது முகமும் கொஞ்சம் மூடும். சில நிறுவனங்கள் இரண்டையும் தனித்தனியாகத் திருகும்படி செய்திருப்பதால் கையேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். திருகும்போது டிரைவரோடு வந்த முறுக்குச் சாவியை மட்டும் பயன்படுத்துங்கள். ‘டக்’ என்று சத்தம் வரும் வரை முறுக்கி, அதோடு நிறுத்த வேண்டும். வீட்டில் கிடக்கும் வேறு முறுக்குச் சாவியால் பலமாக முறுக்கினால் திருகின் மரை போய்விடும். சத்தம் வராமல் விட்டால் ஆட்டத்தின் நடுவில் தலை லொடலொடக்கும்.

இதெல்லாம் செய்தும் 20 கஜம் வளைகிறது என்றால் புது டிரைவருக்கு வைத்த பணத்தில் ஒரு சிறு பங்கை ஒரு பயிற்சியாளரிடம் நாலு பாடத்துக்குக் கொடுங்கள். ஸ்விங் மாறினால் ஃபிட்டிங் எண்களும் மாறும், அதனால் பாடம் முதலில், ஃபிட்டிங் அடுத்து.

கேள்வி: இணையத்தில் இரண்டு வருடம் பழைய மாடல் டிரைவர் ஒன்றைப் பாதி விலைக்குத் தருகிறார் ஒருவர். போலியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
— வாசகர், பட்டர்வொர்த்

பதில்: இரண்டு வருடம் பழைய மாடல் வாங்குவது புத்திசாலித்தனம்தான். புது மாடல் வந்ததும் பழையதன் விலை சரியும், தொழில்நுட்பம் அவ்வளவு வேகமாக ஓடுவதில்லை. நேரில் பார்க்காமல் மட்டும் பணம் அனுப்பாதீர்கள்.

கழுத்தில் பொறித்த வரிசை எண்ணைப் படமெடுத்து அனுப்பச் சொல்லி, அந்த நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவையிடம் கேளுங்கள். நேரில் போகும்போது ஒரு காந்தமும், முடிந்தால் சமையலறைத் தராசும் கொண்டு போங்கள். டைட்டானியம் முகத்தில் காந்தம் ஒட்டாது. ஒட்டினால் அது எஃகு, பேரமே வேண்டாம். எடைத் திருகுகளில் ஒட்டலாம், அதைக் கணக்கில் எடுக்காதீர்கள். தனித்தலை 200 கிராமை ஒட்டி இருக்க வேண்டும், முழு மட்டை பொதுவாக 300க்கும் 320க்கும் நடுவில். எண்ணும் எழுத்தும் பிசிறடித்தாலோ, தலையுறையின் தையல் கோணலாக இருந்தாலோ சந்தேகப்படுங்கள்.

அசலாகவே இருந்தாலும் தலையைக் காதருகில் ஆட்டிப் பாருங்கள். உள்ளே எதுவோ உருண்டால் காய்ந்த பசைத் துண்டாக இருக்கலாம், சத்தம் தொல்லை தருமே தவிர ஆபத்தில்லை. முகத்தின் கீழ்விளிம்பில் மயிரிழை விரிசல் இருந்தால் ஆபத்து. நகத்தை ஓட்டினால் தட்டுப்படும். ஷாஃப்ட் ஸ்லீவுக்குள் போகும் இடத்தையும் அப்படியே தடவுங்கள். முறுக்குச் சாவி உண்டா என்று கேட்க மறக்காதீர்கள்.

கேள்வி: 47 அங்குல டிரைவர் போட்டியில் செல்லுமா?
— வாசகர், பிரிக்பீல்ட்ஸ்

பதில்: பொதுவிதியின் உச்சம் 48 அங்குலம், ஆகவே மன்றத்து மாதாந்திரப் போட்டியில் செல்லும். 46 அங்குலமாகக் குறைக்கும் உள்ளூர் விதி 2022 ஜனவரியில் வந்தது. தொழில்முறை மற்றும் உயர்மட்ட அமெச்சூர் போட்டிகளுக்கென்று எழுதியது அது. போட்டி அறிவிப்பில் அந்த விதி இருக்கிறதா என்று பாருங்கள். செல்லும் என்பதற்காக வாங்கிவிடாதீர்கள். தே தாரிக் (இழுத்து ஆற்றிய தேநீர்) மேசையில் 250 கஜம் அடித்தேன் என்று சொல்ல உதவும், ஃபேர்வேயில் உதவாது.

கேள்வி: ஒன்பது குழி தாண்டியதும் டிரைவர் கையில் வழுக்குகிறது. கிரிப் மாற்றினால் போதுமா?
— வாசகர், அம்பாங்

பதில்: மினுமினுப்பு ஏறியிருந்தால் மாற்றுங்கள். நம் ஊர் வியர்வைக்கு நூலிழை கலந்த கிரிப் வழுவழுப்பான ரப்பரைவிட நன்றாகப் பிடிக்கும், ஆனால் உள்ளங்கையை உரசும். அதற்கு முன் பழையதை மிதவெந்நீரும் பாத்திரம் கழுவும் சோப்பும் போட்டுப் பிரஷ்ஷால் தேய்த்து, துடைத்து உலர்த்திப் பாருங்கள். பாதிப் பேருக்கு அதுவே போதும். ஒரே கையுறையோடு 18 குழி ஆடாதீர்கள். மூன்று வைத்துக்கொண்டு, ஆறு குழிக்கு ஒன்றாக மாற்றி, கழற்றியதைப் பைக்குள் திணிக்காமல் வெளியே மாட்டி உலரவிடுங்கள். வெயிலில் நிற்கும் காரின் பின்பெட்டியில் மட்டைகளை வாரக்கணக்கில் விட்டால், கிரிப்புக்கு அடியிலுள்ள ஒட்டுநாடாவின் பசை இளகி, அடிக்கும்போது கிரிப்பே முறுக்கிக்கொள்ளும். அதை வழுக்கல் என்று நினைத்துப் புதுக் கையுறை வாங்குபவர்கள் உண்டு. கிரிப்பை இரண்டு கையாலும் பிடித்துத் திருகிப் பாருங்கள், அசைந்தால் நாடாவைத்தான் மாற்ற வேண்டும்.