கத்தி வாங்குவதற்கு முன் சாணைக்கல் வாங்குங்கள்

கேள்வி: ஆறு கத்திகள் கொண்ட செட் ஒன்று வைத்திருக்கிறேன். புதிதில் நன்றாக வெட்டியது, இப்போது தக்காளி நசுங்குகிறது. நல்லதாக வாங்கிவிடலாம் என்று பார்த்தால் ஜெர்மன் கத்தியா, ஜப்பானியக் கத்தியா என்று குழப்பம். கார்பன் ஸ்டீல்தான் கூர் நிற்கும் என்கிறார்கள், துருப்பிடிக்கும் என்றும் சொல்கிறார்கள். நானும் மனைவியும் மாறி மாறிச் சமைக்கிறோம். அவருக்கு இடது கைப் பழக்கம். எதை வாங்கலாம்?

பதில்: உங்கள் கத்திகள் கெட்டுப்போகவில்லை, மழுங்கியிருக்கின்றன. எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் புதுக் கத்தியும் ஒருநாள் இதே நிலைக்கு வரத்தான் போகிறது. அதனால் கையில் இருக்கும் பணத்தில் சாணைக்கல்லுக்கு முதலில் ஒரு பங்கை எடுத்து வைத்துவிடுங்கள். மிச்சத்துக்குக் கத்தி பார்க்கலாம்.

வீட்டுச் சமையலுக்கு மூன்று கத்தி தாராளம். 20 செ.மீ. நீள அலகுள்ள பெரிய கத்தி ஒன்று. எண்பது சதவீத வேலையை அதுவே செய்துவிடும். தோல் சீவவும் காம்பு குடையவும் 8 முதல் 10 செ.மீ. வரை உள்ள சிறு கத்தி. ரொட்டிக்குப் பல் வைத்த நீளக் கத்தி. செட்டாக வாங்கினால் பாதிக் கத்திகள் டிராயரிலேயே தூங்கும், அவற்றுக்கும் சேர்த்துத்தான் நீங்கள் பணம் கொடுத்திருப்பீர்கள். சிறு கத்தியும் ரொட்டிக் கத்தியும் விலை மலிவாக இருந்தாலும் குறையில்லை. யோசித்து வாங்க வேண்டியது அந்தப் பெரிய கத்தியைத்தான்.

அதில் எல்லோரும் பிராண்டைப் பார்ப்பார்கள், ஸ்டீலின் பெயரைப் பார்ப்பார்கள். நான் முதலில் பார்ப்பது அலகு எவ்வளவு மெல்லிசு என்பதை. பருமனான கேரட் ஒன்றைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். கத்தி பாதி தூரம் இறங்கியதும் 'டப்' என்று சத்தம் கேட்டு, மீதிப் பாதி தானாகவே விண்டுபோகிறதா? அப்படியென்றால் கூர்முனை வெட்டவில்லை, அதற்கு மேலே உள்ள தடித்த பகுதி ஆப்பு மாதிரி நுழைந்து பிளந்திருக்கிறது. மெல்லிய கத்தியில் சத்தமே வராது. வெட்டின பரப்பு வழவழவென்று இருக்கும். எத்தனை முறை சாணை பிடித்தாலும் தடித்த கத்தி தடித்ததுதான்.

கடையில் இதைச் சோதிப்பது சுலபம். கத்தியின் நுனி எதிர்ப்பக்கம் பார்க்க, கைப்பிடி உங்கள் பக்கம் இருக்கும்படி கண்ணுக்கு நேராகப் பிடியுங்கள். கைப்பிடியை ஒட்டின இடத்தில் அலகின் குறுக்குவெட்டு தெரியும். முதுகில் 2 மி.மீ. அளவில் தொடங்கி, கீழே வர வர சீராக ஒடுங்கி, கூர்முனைக்குச் சற்று மேலே அரை மி.மீ.க்கும் குறைவாக வந்து சேர வேண்டும். பாதி உயரம் வரை ஒரே தடிமனாக வந்து, கடைசியில் மட்டும் சட்டென்று சரிந்தால் வேண்டாம். கனமாக இருந்தால் தரமானது என்ற நினைப்பையும் விட்டுவிடுங்கள். கனமான கத்தி எலும்பை ஒட்டிய முரட்டு வேலைக்குச் சரி, வெங்காயத்துக்கு இல்லை.

அப்புறம்தான் ஸ்டீல். கத்தியின் கடினத்தை ராக்வெல் சி என்ற அளவில் சொல்வார்கள். ஜெர்மன் பாணிக் கத்திகள் பெரும்பாலும் 55-58, ஜப்பானியக் கத்திகள் 60-ம் அதற்கு மேலும். எண் கூடினால் கூர் அதிக நாள் நிற்கும், குறுகலான கோணத்தில் தீட்டவும் முடியும். ஆனால் கடினம் கூடக்கூட எளிதில் விள்ளும். எலும்பில் பட்டால், உறைந்த இறைச்சியை வெட்டினால், வெட்டிக்கொண்டே பக்கவாட்டில் திருகினால், முனையிலிருந்து நகக்கண் அளவு துண்டு தெறித்துவிடும். அதே தவறைக் கொஞ்சம் மென்மையான ஜெர்மன் ஸ்டீலில் செய்தால் முனை மடங்கும், நிமிர்த்திக்கொள்ளலாம்.

அலகில் 1.4116 என்ற எண்ணைப் பார்த்தீர்கள் என்றால், அது ஜெர்மன் கத்திகளில் பரவலாக உள்ள ஸ்டீல்: ஏறத்தாழ அரை சதவீதம் கார்பன், 15 சதவீதம் குரோமியம். ஜப்பானியக் கத்திகளில் அடிக்கடி கண்ணில் படும் விஜி-10 என்ற ஸ்டீலில் கார்பன் சுமார் ஒரு சதவீதம். இரண்டுமே ஸ்டெயின்லெஸ்தான். ஸ்டெயின்லெஸ் என்றால் துருவே பிடிக்காது என்று பொருளில்லை; ஈரமாகவும் உப்போடும் இரவெல்லாம் தொட்டியில் கிடந்தால் அதிலும் புள்ளி விழும்.

கார்பன் ஸ்டீல் என்பது துருவைத் தடுக்கும் குரோமியம் அதிகம் சேராத ஸ்டீல். அது துருப்பிடிக்கும் என்பது உண்மை; அதுதான் கூர் நிற்கும் என்பது எப்போதும் உண்மையில்லை. கல்லில் வைத்தால் சீக்கிரம் கூராகும், அந்த சுகமே தனி. ஆனால் எலுமிச்சையோ தக்காளியோ வெட்டிவிட்டு அப்படியே வைத்தால் அலகு நிறம் மாறும். நீலமும் சாம்பலுமாகப் படிவது நல்லது, அந்தப் படலம் கத்தியை ஓரளவு காக்கும். ஆரஞ்சு நிறத்தில் வந்தால் துரு, உடனே தேய்த்து எடுக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் உடனுக்குடன் துடைக்கும் பழக்கம் உள்ள ஒருவர் தனியாகப் புழங்கும் கத்தி என்றால் வாங்கச் சொல்வேன். இரண்டு பேர் கை மாறும் வீட்டில் யாராவது ஒருவர் மறப்பார், பிறகு அது கத்திச் சண்டையில் போய் முடியும். உங்களுக்கு ஸ்டெயின்லெஸ்.

ஜெர்மன் பாணியா, ஜப்பானியப் பாணியா என்பதை நீங்கள் வெட்டும் விதம் தீர்மானிக்கட்டும். நுனியைப் பலகையில் ஊன்றி, கத்தியை மேலும் கீழும் ஆட்டி வெட்டுபவர் என்றால் வயிறு வளைந்த ஷெஃப் கத்தி. மேலிருந்து நேராக இறக்கித் தள்ளி வெட்டுபவர் என்றால் அதிகம் வளையாத சான்டோகு என்ற ஜப்பானியக் கத்தி, 16-18 செ.மீ. இருக்கும், சிறிய பலகைக்கும் தோதானது. இருவர் கைக்கும் எது பிடிபடுகிறதோ அது. பிடித்துப் பார்க்கும்போது கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் அலகின் அடியையே கிள்ளிப் பிடியுங்கள், மற்ற மூன்று விரல்கள் கைப்பிடியைச் சுற்றட்டும். கத்தியைப் பலகையில் படுமாறு இறக்கினால் விரல் முட்டி பலகையில் இடிக்கக் கூடாது. முதுகின் விளிம்பு ஆள்காட்டி விரலை அறுத்தால் அந்தக் கத்தி வேண்டாம்.

உங்கள் மனைவிக்காக ஒன்றைக் கவனியுங்கள். கூர் இரண்டு பக்கமும் சமமாகத் தீட்டப்பட்டிருக்க வேண்டும். ஜப்பானியக் கத்திகளில் ஒரு பக்கம் மட்டும் சரித்துத் தீட்டினவை உண்டு, பொதுவாக வலது கைக்காரர்களுக்காகவே செய்தவை. இடது கையில் பிடித்தால் வெட்டு கோணிக்கொண்டு போகும். பல் வைத்த ரொட்டிக் கத்திகளிலும் பெரும்பாலானவை இப்படித்தான். அவர் ரொட்டி நறுக்கினால் துண்டுகள் ஒருபுறம் தடித்து ஒருபுறம் மெலிந்து வருகின்றன என்றால் குற்றம் கத்தி மேல். சில கைப்பிடிகளில் ஒரு பக்கம் மட்டும் புடைத்திருக்கும், அதுவும் வலது கைக்கானதே.

அடித்துச் செய்த கத்தியா, தகட்டில் வெட்டி எடுத்ததா என்பதற்கெல்லாம் தலையை உடைத்துக்கொள்ள வேண்டாம். காய்ச்சிக் குளிர்வித்துப் பதப்படுத்தின முறை சரியாக இருந்தால் இரண்டும் நன்றாக வெட்டும். அலை அலையான டமாஸ்கஸ் கோலம் அழகுக்கு. வெட்டுவது நடுவில் இருக்கும் ஸ்டீல். செராமிக் கத்தி கீழே விழுந்தால் உடையும், சாதாரணக் கல்லில் தீட்டவும் முடியாது.

இனி, சாணை. கடைகளில் கிடைக்கும் நீளமான ஸ்டீல் கோல் மடங்கின முனையை நிமிர்த்துவதற்கு. மழுங்கின கத்திக்குப் புதுக் கூர் அது தராது. வரிவரியான கோலில் 60-க்கு மேல் கடினமான கத்தியை இழுத்தால் முனை விள்ளும். இடுக்கில் செருகி இழுக்கும் சின்னச் சாதனங்கள் அவசரத்துக்கு உதவும், ஆனால் உலோகத்தைத் தேவைக்கு மேல் சுரண்டிவிடும். 1000 என்று எண் போட்ட நீர்க்கல் (நனைத்துத் தீட்டும் சாணைக்கல்) ஒன்று வாங்குங்கள்; ரொம்ப மழுங்கினவற்றுக்கு 400. எண் குறையக் குறையக் கல் சொரசொரப்பாக இருக்கும்.

கல்லை நனைத்து, நழுவாமல் ஈரத்துணி மேல் வையுங்கள். அலகு 45 மி.மீ. அகலம் என்றால், முதுகைக் கல்லிலிருந்து 12 மி.மீ. தூக்கினால் ஏறத்தாழ 15 டிகிரி, 15 மி.மீ. தூக்கினால் 20. ஜப்பானியக் கத்திக்கு முன்னது, ஜெர்மன் கத்திக்கு இரண்டுக்கும் நடுவில் எங்கேயாவது. எந்தக் கோணமானாலும் கை அதிலேயே நிற்க வேண்டும். ஒரே பக்கத்தைத் தேய்த்துக்கொண்டிருங்கள். அவ்வப்போது மறுபக்கத்தில், முதுகிலிருந்து கூரை நோக்கி, கட்டைவிரலை மெல்ல வெளிப்புறமாக ஓட்டிப் பாருங்கள். ஒரு கட்டத்தில் நகத்தில் இடறுகிற மாதிரி மெல்லிய பிசிறு தட்டுப்படும். அலகு முழுக்க அந்தப் பிசிறு எழும்பினால்தான் அந்தப் பக்கம் முடிந்தது. பலர் இதற்கு முன்பே கத்தியைத் திருப்பிவிடுவார்கள். மணிக்கணக்கில் தேய்த்தும் கூர் வராததற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். மறுபக்கமும் அதேபோல் செய்துவிட்டு, அழுத்தமே கொடுக்காமல் மாற்றி மாற்றிச் சில இழுப்பு இழுத்தால் பிசிறு உதிர்ந்துவிடும். ஒரு தாளைத் தொங்கவிட்டு வெட்டிப் பாருங்கள். எங்கே சிக்குகிறதோ, அங்கே பிசிறு மிச்சம் இருக்கிறது அல்லது தீட்டல் போதவில்லை.

அந்தக் கூரை அடுத்த வாரமே கொன்றுவிடும் இரண்டு விஷயங்கள் உண்டு. ஒன்று, கண்ணாடி, கிரானைட் பலகை. மரமோ பிளாஸ்டிக்கோ மட்டும் வையுங்கள். நறுக்கினதைக் கத்தியின் முதுகால் வழித்துத் தள்ளுங்கள். இன்னொன்று பாத்திரம் கழுவும் எந்திரம். அதில் கத்தி மற்ற பாத்திரங்களோடு மோதும், கைப்பிடியும் சீக்கிரம் பாழாகும்.

ஆகவே இந்த மாதம் கல்லை மட்டும் வாங்கி, பழைய செட்டில் உள்ள பெரிய கத்தியில் கை பழகுங்கள். தாளை அது சிக்காமல் வெட்டும் வரை புதுக் கத்தியைப் பற்றி யோசிக்க வேண்டாம். தக்காளி நசுங்குவது அதோடு நின்றுவிடும். கேரட் மட்டும் இன்னமும் விண்டுகொண்டிருந்தால் அது தடிமனின் கோளாறு. அப்போது கடைக்குப் போங்கள், மனைவியையும் அழைத்துக்கொண்டு.