ஃபார்மட் பண்ணா ஹார்ட் டிஸ்க் சரியாயிடுமா?

கேள்வி: சார், வீட்ல பழைய பென்டியம் 4 கம்ப்யூட்டர் இருக்கு, விண்டோஸ் எக்ஸ்பி, 40 ஜிபி ஐடிஇ ஹார்ட் டிஸ்க். டி டிரைவ திறந்தாலே ஹேங் ஆகுது, சில நேரம் உள்ள டக் டக்னு சத்தம். தங்கச்சி கல்யாண போட்டோ எல்லாம் அதுலதான் கெடக்கு. ஃபார்மட் பண்ணா சரியாயிடும்ங்கறாங்க. சரியானா அக்கா பையனுக்கு டைப்பிங் பழக குடுக்கலாம்னு இருக்கேன்.

பதில்: தயவுசெஞ்சு இப்ப ஃபார்மட் பண்ணாதீங்க. டிஸ்க்கு தேய்ஞ்சு போயிருந்தா ஃபார்மட் அத குணமாக்காது, போட்டோதான் போகும். கம்ப்யூட்டர ஆஃப் பண்ணிட்டு டிஸ்க்க கழட்டி, ஐடிஇ டு யுஎஸ்பி அடாப்டர்ல (பழைய ஐடிஇ வகை டிஸ்க்க யுஎஸ்பி போர்ட்ல மாட்ட வைக்கறது) போட்டு வேற நல்ல கம்ப்யூட்டர்ல மாட்டுங்க. பவர் தனியா வர்ற அடாப்டரா பாத்து வாங்கணும், ஏன்னா இந்த 3.5 இன்ச் டிஸ்க்குக்கு 12 வோல்ட் வேணும், சாதா யுஎஸ்பி போர்ட்ல 5 வோல்ட்தான் வரும். டிஸ்க்கு பின்னாடி பின்னுங்கள்ல சொருகியிருக்கற குட்டி பிளாஸ்டிக் துண்டு, அதான் ஜம்பர், அத மாஸ்டர்ங்கற எடத்துல வைங்க. மொதல்ல கல்யாண ஃபோல்டர், அப்புறம் மத்தது, எங்கயாவது நின்னா அத விட்டுட்டு அடுத்ததுக்கு போயிடுங்க. டிஸ்க்கே தெரியலன்னா அதோட நிறுத்திட்டு டேட்டா ரெக்கவரி பண்றவங்ககிட்ட குடுங்க, மூடிய மட்டும் திறந்துடாதீங்க.

இங்க ஒண்ண கவனிங்க. அடாப்டர்ல சத்தமே வராம ஓடிச்சுன்னா டிஸ்க்கு மேல தப்பு இல்லாம இருக்கலாம், கம்ப்யூட்டருக்குள்ள கரண்ட் குடுக்கற பழைய எஸ்எம்பிஎஸ் பெட்டில வோல்டேஜ் இறங்கினாலும் இதே டக் டக் வரும்.

காப்பி முடிஞ்சப்புறம்தான் செக்கிங். டிஸ்க்கோட ஆரோக்கியத்த காட்டற கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ சாஃப்ட்வேர போட்டு ரீஅலோகேட்டட் செக்டர் (கெட்டுப்போய் மாத்து எடம் குடுத்த பகுதி), பெண்டிங் செக்டர் (படிக்க முடியாம சந்தேகத்துல நிக்கற பகுதி) ரெண்டையும் பாருங்க, பெண்டிங் ஏறிட்டே போச்சுன்னா அந்த டிஸ்க்க நம்பாதீங்க, வேற போடுங்க. ரெண்டும் சைபர்னா டிஸ்க்க திருப்பி பழைய கம்ப்யூட்டர்ல மாட்டி, எக்ஸ்பில டி டிரைவ் மேல ரைட் கிளிக், பிராப்பர்ட்டீஸ், டூல்ஸ், செக் நவ், ரெண்டு டிக்கும் போட்டு ராத்திரி ஓட விட்டுடுங்க. இத காப்பிக்கு முன்னாடி ஓட்டவே கூடாது, டிரைவ் முழுக்க படிக்கும், சாகற டிஸ்க்கு அதுலயே போயிடும்.

அதுலயும் தேறிச்சுன்னா டி டிரைவ என்டிஎஃப்எஸ்ங்கற வகைல ஃபுல் ஃபார்மட் பண்ணுங்க, குவிக் ஃபார்மட் பேட் செக்டர, அதாவது கெட்டுப்போன பகுதிய, தேடாது. ஆனா எக்ஸ்பில ஃபுல் ஃபார்மட் பண்ணாலும் பழைய டேட்டா அழியறதில்ல, விஸ்டாலேர்ந்துதான் முழுசா சைபர் எழுதுது. வெளியாளுக்கு குடுக்கறதா இருந்தா விண்டோஸ் 10 கம்ப்யூட்டர்ல மாட்டி ஃபார்மட் பண்ணுங்க, அக்கா பையனுக்குத்தானே, எக்ஸ்பிலயே பண்ணா போதும். நெட் மட்டும் குடுக்காதீங்க, எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரலோட அப்டேட் நின்னுபோச்சு.