மங்காவும் மாங்காயும்

கேள்வி: விடுமுறைக்கு வந்த பேத்தி எந்நேரமும் 'மங்கா' படிக்கிறாள். ஜப்பான் படக்கதையாம். பெரியகுளத்தில் மாந்தோப்பு வைத்திருந்த குடும்பம் எங்களுடையது. எங்கள் காதில் அது 'மாங்கா' என்றே விழுகிறது. இரண்டுக்கும் உறவு உண்டா? அந்தச் சொல்லுக்கு என்ன பொருள்?
– வாசகர், பெருமாள்மலை

பதில்: உறவு இல்லை. ஆனால் போர்த்துகீசிய மொழியில் 'மங்கா' என்றால் மாம்பழம்தான்! நம் மாங்காய், மலையாளத்தாரின் 'மாங்ங' கப்பலேறிப் போய் அப்படி ஆனது. ஆங்கிலத்தின் 'மேங்கோ' அதன் வழி வந்தது. ஜப்பானியர் மாம்பழத்தை 'மங்கோ' என்கிறார்கள்.

படக்கதையைக் குறிக்கும் மங்காவில் இரண்டு சீன எழுத்துகள். முதல் எழுத்து 'மன்', 14 கோடுகள். அதன் இடப்பக்கம் மூன்று சிறு கீற்றுகள் இருக்கும்; அவை தண்ணீரின் அடையாளம். பெருகி வழிதல், கரையின்றிப் பரவுதல் என்பது அந்த எழுத்தின் பொருள். மழை வலுத்தால் உங்கள் ஊர்க் காப்பித் தோட்டச் சரிவில் தண்ணீர் ஓடையைத் தேடாமல் கண்ட பக்கமெல்லாம் இறங்குமே, அந்த வழிதல். அதிலிருந்து 'இலக்கில்லாமல்', 'மனம்போன போக்கில்' என்ற பொருள்கள் கிளைத்தன. இரண்டாம் எழுத்து 'க', 8 கோடுகள், பொருள், படம். ஆக, மனம்போன போக்கில் வரைந்த படம். 'வேடிக்கைப் படம்' என்று பெயர்ப்பது பொருந்தாது. வேடிக்கைப் படத்துக்கு ஜப்பானியத்தில் 'கிக' என்று தனிச்சொல் உண்டு.

உச்சரிப்பில் இரண்டு உயிரும் குறில். 'தங்கம்' என்பதில் வரும் 'ங்க'வைப் போலச் சொன்னால் போதும். 'மங்க' என்பதே நெருக்கம் என்றாலும் 'மங்கா' என்று நிலைத்துவிட்டது, அப்படியே எழுதலாம்.

ஹொகுசாய் என்ற ஓவியர் உண்டாக்கிய சொல் இது என்று பலர் எழுதுகிறார்கள். தவறு. சாந்தோ கியோதென் என்பவரின் 1798-ஆம் ஆண்டுப் படநூலிலேயே சொல் இருக்கிறது. அதைப் பரப்பியது ஹொகுசாய்தான். அவருடைய 'ஹொகுசாய் மங்கா' என்ற படத்தொகுப்பின் முதல் தொகுதி 1814-இல் நகோயா நகரில் வந்தது. அவர் 1849-இல் மறைந்த பின்னும் தொடர்ந்து, 15-ஆம் தொகுதி 1878-இல் வெளியானது. அவற்றில் கதை கிடையாது. மல்லர், மீன், பேய், காற்றில் குடை பிடிப்பவர் என்று ஒரே பக்கத்தில் தொடர்பில்லாத உருவங்கள் நெருங்கி நிற்கும். பெயர் எவ்வளவு பொருத்தம்! இன்றைய பொருளுக்குச் சொல்லை இழுத்து வந்தவர்களில் முதன்மையானவர் கிதாசாவா ராகுதென். 1902-இல் ஒரு நாளிதழின் ஞாயிறு பக்கத்துக்கு 'ஜிஜி மங்கா' என்று பெயர் வைத்து வரைந்தார். நம் பாரதியார் 'இந்தியா' வார இதழில் கருத்துப்படங்கள் வெளியிட்டதும் அந்தப் பத்தாண்டில்தான்.

கேள்வி: மகனுக்கு வாங்கிய ஆங்கில மங்காவில் கடைசிப் பக்கம் முதலில் இருக்கிறது. கட்டுமானப் பிழையா? கடையில் மாற்றிக் கேட்கலாமா?
– வாசகி, குன்னூர்

பதில்: மாற்ற வேண்டாம், புத்தகம் சரியாகவே இருக்கிறது. முதுகு உங்கள் வலக்கைப் பக்கம் வரும்படி பிடியுங்கள், அதுதான் முன்னட்டை. பக்கத்தின் மேல் வலது மூலைக் கட்டத்தில் தொடங்கி இடப்பக்கம் போய், அடுத்த வரிசைக்கு இறங்க வேண்டும். ஒரே கட்டத்தில் இரண்டு பேச்சுக் குமிழ் இருந்தால் வலது குமிழ் முதலில். இதை மறந்தால் கேள்விக்கு முன்பே பதில் வந்து குழப்பும்.

முன்பு பல பதிப்பகங்கள் படத்தையே கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பி அச்சிட்டன. வலக்கைக்காரர் எல்லாம் இடக்கைக்காரர் ஆனார்கள். அதைவிடப் பெரிய பிழை கிமோனோ என்ற ஜப்பானிய உடையில் நேர்ந்தது. உயிரோடிருப்பவர் இடப்பக்க மடிப்பு மேலே வரும்படி உடுத்துவார். வலது மேலே வந்தால் அது பிணத்துக்கு உடுத்தும் முறை. திருப்பிய பக்கத்தில் எல்லோரும் சவ உடையில் நடமாடுவார்கள்! அசல் திசையிலேயே அச்சிடுவதுதான் ஓவியருக்குச் செய்யும் மரியாதை.

கேள்வி: கைப்பேசியில் நான் படிக்கும் 'மன்ஹ்வா'வும் மங்காதானா?
– கல்லூரி மாணவர், ஊட்டி

பதில்: சொல் ஒன்றுதான். அதே இரண்டு எழுத்துகளைக் கொரியர் 'மன்ஹ்வா' என்றும் சீனர் 'மன்ஹுவா' என்றும் படிக்கிறார்கள். கொரியப் படக்கதை நம்மைப் போல இடமிருந்து வலம் போகும். கைப்பேசிக்கென்று வரைந்ததானால் மேலிருந்து கீழே தள்ளிக்கொண்டே படிக்கலாம்.