அட்டையில் இல்லாத பத்தாம் வசனம்

கேள்வி: புத்தாண்டு ஆராதனையில் எங்கள் குடும்பத்துக்குக் கிடைத்த வாக்குத்தத்த அட்டையில், அந்த வருஷத்துக்கான வசனமாக எரேமியா 29:11 இருந்தது. 'நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவு' என்ற வார்த்தையைப் பிடித்துக்கொண்டு ஜெபித்தோம். மார்ச் மாதம் என் கணவர் பக்கவாதத்தில் விழுந்தார். கடையை மூடிவிட்டோம். மகளுக்குப் பேசி முடித்த சம்பந்தமும் நின்றுபோனது. நாங்கள் தசமபாகம் தவறியதில்லை. வெள்ளிதோறும் உபவாசம் இருக்கிறேன். ஜெபக்குழுவிலோ, "வீட்டில் ஏதோ மறைவான பாவம் இருக்கிறது, விசேஷக் காணிக்கை வைத்து ஜெபித்தால் கட்டு உடையும்" என்கிறார்கள். இதற்கு மேலும் ஆண்டவருக்கு உண்மையாக இருப்பதில் என்ன அர்த்தம்?
- பெயர் வெளியிட விரும்பாத சகோதரி

பதில்: சகோதரி, அந்த அட்டையை அச்சடித்தவர்கள் அதற்கு முந்தின வசனத்தையும் சேர்த்து அச்சடித்திருக்க வேண்டும். 29:10 என்ன சொல்கிறது? பாபிலோனில் எழுபது வருஷம் நிறைவேறின பின்புதான் உங்களைத் திரும்பக் கொண்டுவருவேன் என்கிறது. எழுபது வருடம்! கி.மு. 597-இல் யூதாவின் ராஜா எகொனியாவோடு பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு, எருசலேமிலிருந்து எரேமியா தீர்க்கதரிசி எழுதின கடிதம் அது. அதைக் கையில் வாங்கிய நாற்பது வயதுக்காரர் எவரும் எருசலேமை மறுபடி பார்த்திருக்க முடியாது. அந்த 'முடிவு' வந்தது, அவர்களுடைய பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும். கர்த்தர் பொய் சொல்லவில்லை. டிசம்பர் 31-க்குள் என்ற கெடுவை நாம்தான் அதில் ஒட்டவைத்தோம்.

கெடு வைத்துப் பேசிய ஒருவனும் அங்கே இருந்தான். 28-ஆம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். அனனியா என்ற தீர்க்கதரிசி, ஆசாரியரும் ஜனங்களும் கூடியிருந்த ஆலயத்தில் நின்று, இரண்டே வருடத்தில் எல்லாரும் திரும்பி வருவார்கள் என்றான். பாபிலோனுக்குக் கீழ்ப்பட்டிருக்க வேண்டும் என்பதற்கு அடையாளமாக எரேமியாவின் கழுத்தில் கிடந்த நுகத்தை எடுத்து எல்லாருக்கும் முன்பாக உடைத்தான். ஜனங்களுக்கு யாரைப் பிடித்திருக்கும்? எரேமியாவுக்குக்கூட அந்தச் செய்தி உண்மையாக இருந்தால் நன்றாயிருக்கும் என்றுதான் இருந்தது, அதனால்தான் 'ஆமென்' என்றார். ஆனால் அனனியாவைக் கர்த்தர் அனுப்பவில்லை. ஜனங்களைப் பொய்யை நம்பப்பண்ணினாய் என்று அவனிடம் சொல்லப்பட்டது. அந்த வருஷமே அவன் செத்தான். இன்று நம் சபைகளில் அனனியாவின் பிரசங்கத்துக்குத்தான் அல்லேலூயா அதிகம். எனக்கு இதில் ஆத்திரம் உண்டு, மறைக்கவில்லை. உங்களைப் போன்றவர்கள் அதற்குக் கொடுக்கும் விலையைக் கடிதம் கடிதமாக வாசிக்கிறேன்.

சரி, உங்கள் பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள். தசமபாகம் தவறியதில்லை, உபவாசம் விட்டதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். மாதம் தவறாமல் சீட்டுப் பணம் கட்டியவர், சீட்டு விழும் நாளில் பணம் எங்கே என்று கேட்பதைப் போல் இருக்கிறது அது. உங்கள் வலியில் வந்த வார்த்தை, புரிகிறது. ஆனாலும் அந்தக் கணக்கை விடாதவரை ஜெபக்குழுவின் பேச்சு உங்களைக் குத்திக்கொண்டேதான் இருக்கும். ஏனென்றால் அவர்கள் வைத்திருப்பதும் அதே கணக்குதான்: நன்மை செய்தால் நன்மை வரும், வராவிட்டால் எங்கேயோ தவறு இருக்கிறது. குற்றமில்லாமலேயே எல்லாவற்றையும் இழந்த யோபின் மூன்று சிநேகிதரும் இதைத்தான் அதிகாரம் அதிகாரமாகப் பேசினார்கள். கடைசியில் கர்த்தர் கோபப்பட்டது யோபின்மேல் இல்லை, அவர்கள்மேல். பிறவிக்குருடனைக் காட்டி யார் செய்த பாவம் என்று கேட்ட சீஷர்களுக்கு இயேசு சொன்ன பதிலும் உங்களுக்குத் தெரியும்: அவனும் பாவம் செய்யவில்லை, அவனைப் பெற்றவர்களும் செய்யவில்லை. டோனாவூரில் ஊழியம் செய்த மிஷனரி எமி கார்மைக்கேல் 1931-இல் விழுந்து அடிபட்டவர், 1951-இல் மரிக்கும்வரை பெரும்பாலும் தன் அறைக்குள்ளேயே கிடந்தார். அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று 'மறைவான பாவம்' என்று சொல்ல யாருக்காவது வாய் வருமா?

உண்மையாக இருப்பது என்றால் முனகாமல் இருப்பது என்றும் நினைத்துவிடாதீர்கள். எரேமியாவைத் தொழுமரத்தில் மாட்டிவைத்தார்கள். விடுதலையான பின் அவர் ஸ்தோத்திரப் பாட்டோடு நிறுத்திக்கொள்ளவில்லை. நீர் என்னை இணங்கப்பண்ணினீர், நான் நகைப்புக்கு இடமானேன் என்று ஆண்டவரிடமே முறையிட்டார். பிறந்த நாளைச் சபித்தார். 20-ஆம் அதிகாரத்தில் அவை அப்படியே இருக்கின்றன, யாரும் வெட்டி எடுக்கவில்லை. நீங்களும் சொல்லுங்கள். ஆலயத்தில் பாட முடியாவிட்டால் பாட வேண்டாம், கடைசி பெஞ்சில் உட்கார்ந்து 88-ஆம் சங்கீதத்தை வாசியுங்கள். இருளில் தொடங்கி இருளிலேயே முடிகிற சங்கீதம் அது. அதுவும் ஜெபம்தான்.

உண்மையாக இருப்பதில் என்ன அர்த்தம் என்று கேட்டீர்களே, எரேமியா 32-ஆம் அதிகாரத்துக்கு வாருங்கள். பாபிலோன் சேனை நகரத்தை முற்றுகை போட்டிருக்கிறது. எரேமியா காவல் முற்றத்தில் அடைபட்டிருக்கிறார். அந்த நேரத்தில் ஆனதோத்தில் ஒரு நிலத்தை வாங்கு என்கிறார் கர்த்தர். 17 சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்து, சாட்சிகளை வைத்து, பத்திரத்தை மண்பாண்டத்தில் போட்டுவைக்கச் சொல்லிவிட்டு, அப்புறம்தான் கேட்கிறார்: நகரமே போகப்போகிறது, நிலத்தை வாங்கச் சொல்கிறீரே? கேள்வி தீராமலேயே அன்றைய காரியத்தைச் செய்து முடித்துவிட்டார். உங்களுக்கு அது, கணவருக்கு நேரத்துக்கு மாத்திரை கொடுப்பது. முதுகில் புண் வராமல் புரட்டிப் படுக்கவைப்பது. கடைக்குச் சரக்கு கொடுத்தவரிடம் ஒளியாமல் போய்த் தவணை கேட்பது. நின்றுபோன சம்பந்தத்தைத் தன் குற்றமாக மகள் நினைத்துவிடாதபடி அவளோடு பேசுவது. கடிதத்தைப் பார்த்தால் இதையெல்லாம் நீங்கள் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறீர்கள் என்றே தோன்றுகிறது. இதைக் குறைந்த ஆவிக்குரிய காரியம் என்று யார் சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

ஜெபக்குழுவில் இந்தப் பக்கத்தை வாசிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எரேமியா துரவின் உளையில் அமிழ்ந்து கிடந்தபோது, ஏன் விழுந்தாய் என்று மேலே நின்று ஆராய, ராஜாவின் அரமனையில் வேலை செய்த எபெத்மெலேக் வரவில்லை. ராஜாவிடம் பேசி ஆள்களைக் கூட்டிவந்தான். கயிறு அக்குளில் அறுக்குமே என்று யோசித்து, கந்தைத் துணிகளையும் தேடி எடுத்து வந்தான். அந்தச் சகோதரி எத்தனை மாதமாக முழு இரவு தூங்கவில்லை என்று கேட்டீர்களா? ஆளுக்கு ஓர் இரவு அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்காரலாம்.

விசேஷக் காணிக்கையைப் பற்றி: கொடுக்காதீர்கள், சகோதரி. தகப்பனுக்கும் தாய்க்கும் செய்ய வேண்டியதை 'கொர்பான்', அதாவது தேவனுக்குக் காணிக்கை, என்று சொல்லி நிறுத்திவிடுகிறவர்களை இயேசு கண்டித்தது மாற்கு 7-இல் இருக்கிறது. உங்கள் வீட்டில் அந்தப் பணத்துக்கு உரியவர் படுக்கையில் இருக்கிறார். பிசியோதெரபிக்குக் கட்டுங்கள். ஜெபித்தாகிவிட்டது, மாத்திரையை நிறுத்துங்கள் என்று யாராவது வந்து சொன்னால், வாசலோடு அனுப்பிவிடுங்கள்.