பேய் மாதிரி எழுந்த ரோபோ (வாசகர் கடிதமும் பதிலும்)

அக்காவுக்கு வணக்கம். ஊரு காவேரிப்பட்டணம், ஓசூர்ல ஒரு கம்பெனில கான்ட்ராக்ட்ல இருக்கேன். அட்லஸ்னு மனுச உருவத்துல ஒரு ரோபோ தரையிலருந்து எழுந்திரிக்கிற வீடியோ பாத்தேன்க்கா, பேய் மாதிரி இருந்துச்சு. கூட பாத்த எம் பொண்ணு ராத்திரி பூரா தூங்கல. இதெல்லாம் எங்க ஷெட்டுக்குள்ள வந்தா எங்க கதி என்ன?

அன்புள்ள தம்பி,

2024 ஏப்ரல்ல அதச் செய்யற பாஸ்டன் டைனமிக்ஸ் கம்பெனி விட்ட வீடியோதானே, நானும் பாத்தேன். படுத்துக் கிடந்தது கால மடக்கி இடுப்புக்கு ரெண்டு பக்கமும் ஊனி, நமக்கு முதுகைக் காட்டிட்டே எழுந்து நின்னு, தலைய மட்டும் அப்படியே நம்ம பக்கம் திருப்புச்சே, அப்ப எனக்கும் வயித்தக் கலக்குச்சு. அதோட மூட்டு நம்ம மூட்டு மாதிரி பாதில நிக்காது, சுத்தி வரும், அவ்ளோதான்னு பாப்பாகிட்ட சொல்லு. அதவிட, தூங்கற நேரத்துல அதப் போட்டுக் காட்டுனியே, உன்ன என்ன சொல்றது!

வேலை போகுமான்னு கேக்கற. அந்தக் கம்பெனிய 2021லயே ஹூண்டாய் வாங்கிருச்சு, கார் ஃபேக்டரில விடத்தான் அதச் செய்யறாங்க, சில வேலை போகத்தான் செய்யும். அத இன்னொரு நாள் பேசலாம்.

ஆனா பேய்னு எழுதுன பாரு, அங்கதான் எனக்குக் கோவம் வந்துச்சு. எங்கண்ணன் ஓசூர்ல ஒரு பிரஸ் ஷாப்ல இருந்தான், 1997ல. பிரஸ்னா தகட்ட டைங்கற அச்சுல வெச்சு மேலருந்து அழுத்தற மெஷின். அதுல ரெண்டு பட்டன் இருக்கும், ரெண்டு கையாலயும் ஒண்ணா அமுக்குனாத்தான் மேல இருக்கறது இறங்கும், அப்பதான் கை டைக்குள்ள இருக்காது, அதுக்குத்தான் ரெண்டு. பீஸ் கணக்கு ஏறணும்னு ஒரு பட்டன்ல மரச்சக்கைய சொருகி வெச்சிருந்தாங்க, எல்லாருக்கும் தெரியும், யாரும் எடுக்கல. ஒரு கை உள்ள இருக்கும்போதே அது இறங்கி, அண்ணனுக்கு வலது கைல ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போச்சு. ராத்திரி ஷிஃப்டுக்கு அதே பிரஸ் ஓடுச்சு தம்பி. அதப் பாத்து யாருக்குத் தூக்கம் போச்சு, சொல்லு?

மொத மொதல்ல ஃபேக்டரி வேலைக்கு வந்த ரோபோ யூனிமேட். 1961ல அமெரிக்காவுல ஜெனரல் மோட்டார்ஸ் ஃபேக்டரில வெச்சாங்க, அதுக்குக் குடுத்த வேலையே டை காஸ்டிங் மெஷின்லருந்து, அதாவது உருக்குன உலோகத்த அச்சுல வார்க்கற மெஷின்லருந்து, கொதிக்கக் கொதிக்க வர்ற பீஸ வெளிய எடுக்கறதுதான். மனுசன் கை போகக் கூடாத எடத்துக்குப் போகத்தான் அந்தக் கையவே செஞ்சாங்க. அதுக்கு அப்புறம் 36 வருசம் கழிச்சும் எங்கண்ணன் கை உள்ள போய்ட்டு போய்ட்டு வந்துச்சுன்னா, ரோபோவ விட மனுசக் கை மலிவா கெடைச்சுதுன்னு அர்த்தம். மோட்டாரும் தகடும் எழுந்து நிக்கறதப் பாத்து நடுங்கறோம், அந்த மரச்சக்கையப் பாத்து ஒருத்தனும் நடுங்கல. எனக்கு இது ஆறவே மாட்டேங்குது.

அண்ணன் இன்னைக்கும் களி உருண்டைய எடுத்தான்னா விரல் இல்லாத சந்துல நழுவிக் கொழம்புல விழுது. அண்ணி ஒண்ணும் சொல்லாம சின்னச் சின்னதா பிச்சு உருட்டி வெப்பாங்க, அவனும் நிமிர்ந்து பாக்காம சாப்டுட்டுப் போவான்.

நாளைக்கு ஷிஃப்டுக்குப் போனதும் மொத வேலையா உங்க லைன்ல இருக்கற பிரஸ் எல்லாத்தையும் பாரு. பட்டன்ல ஏதாச்சும் சொருகியிருக்கா, கை உள்ள போனா மெஷின நிறுத்தற சென்சார் மேல டேப் ஒட்டியிருக்கான்னு பாத்துட்டு எனக்கு எழுது கண்ணு.

அக்கா