முடக்கு வாதமும் உடல் இயலாமையும்: மலையக வாசகர் கேள்விகளுக்கு ஓர் இயன்மருத்துவரின் பதில்கள்

பொகவந்தலாவையிலிருந்து: என் தாயாருக்கு 46 வயது. காலையில் விரல்கள் மடங்குவதில்லை. பத்து மணிக்கு மேல்தான் சற்று இளகுகின்றன. இனிக் கொழுந்து பறிக்கவே முடியாதா?

அப்படி முடிவு செய்துவிடாதீர்கள். இது மூட்டுகளைத் தாக்கும் முடக்கு வாதமாக இருக்கலாம். அந்நோயில் கை இயங்காமல் போவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. மூட்டின் உட்சவ்வு அழன்று வீங்குவது ஒன்று. அந்த அழற்சி நீடித்துக் குருத்தெலும்பையும் எலும்பையும் அரித்துவிடுவது மற்றொன்று. முன்னது மருந்துக்கு இணங்கும், பின்னது திரும்பாது. நேரம் செல்லச் செல்ல இளகும் காலை இறுக்கம் பெரும்பாலும் முன்னதன் அடையாளம் என்பதால், நாட்டு எண்ணெயில் மாதங்களைக் கழிக்காமல் அவரை உடனே அரச வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

விரல்களைவிட எனக்குக் கவலை தருவது கழுத்துத்தான். இந்நோய் கழுத்தின் முதல் இரண்டு முள்ளெலும்புகளுக்கு இடையிலான பிணைப்பையும் தளர்த்தக்கூடும். அந்நிலையில் கொழுந்துக் கூடையின் கயிற்றைத் தலையில் மாட்டிச் சுமப்பது முள்ளந்தண்டு வடத்துக்கே ஆபத்தாகலாம். பிடரி வலியோடு கை மரத்தால் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம். தலைச்சுமை தவிர்த்த இலகுவான வேலை தருமாறு வைத்தியரிடம் கடிதம் பெற்றுத் தோட்ட நிர்வாகத்திடம் கொடுங்கள். அவ்வாறு கேட்பது சலுகைக்காகக் கெஞ்சுவதாகாது.

பண்டாரவளையிலிருந்து: பனியும் குளிரும்தான் இந்நோய்க்குக் காரணமா?

இல்லை. குளிரில் இறுக்கம் கூடுதலாக உணரப்படலாம், அவ்வளவே. புகைத்தலோ நோய் வரும் வாய்ப்பை உண்மையாகவே கூட்டுகிறது.

மஸ்கெலியாவிலிருந்து: கணவருக்கு முடக்கு வாதத்துக்காக மெத்தோட்ரெக்சேட் என்ற மாத்திரையை வாரத்துக்கு ஒருமுறை எடுக்கத் தந்திருக்கிறார்கள். வலி குறையாததால் தினமும் எடுக்கலாமா?

கூடவே கூடாது. தினமும் எடுத்தால் அது இரத்த அணுக்கள் உருவாகும் எலும்பு மச்சையைப் பாதித்து உயிரையே பறிக்கக்கூடும். வாரத்தில் எந்த நாளில் எடுக்க வேண்டும் என்பதை மாத்திரை உறையில் பெரிதாக எழுதி வையுங்கள். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். மது வேண்டாம், இரத்தப் பரிசோதனையைத் தவறவிட வேண்டாம்.

லிந்துலையிலிருந்து: என் விரல்கள் ஏற்கெனவே கோணிவிட்டன. இனிச் சிகிச்சையால் என்ன பயன்?

மீதமுள்ள மூட்டுகளைக் காப்பதே பெரும் பயன். கத்தி, அகப்பைப் பிடிகளில் துணி சுற்றித் தடிப்பாக்குங்கள். பானையை விரல்களால் தூக்காமல் முன்கைகளில் ஏந்துங்கள். லயத்துப் படிகளில் கைபிடி ஒன்று பொருத்தச் சொல்லுங்கள். வைத்தியரிடம் ‘வலிக்கிறது’ என்பதோடு நிறுத்தாமல், பொத்தான் போட முடியவில்லை, குழாயைத் திருக முடியவில்லை, குந்தி எழ முடியவில்லை என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். இயலாமையின் அளவை அவர் கணிப்பது இத்தகைய விவரங்களைக் கொண்டுதான்.